இடர் ஏற்றவரும் பெயர் பெற்றவரும்: பழவேற்காட்டு வணிக வரலாற்றை முன்வைத்துத் தொழில்முனைவுக் கருத்தாக்கம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

புதுமை காணும் தனிமனிதரே புதிய தொழிலைத் தோற்றுவிக்கிறார் என்னும் கருத்து, தொழில்முனைவு குறித்துத் தமிழில் எழுதப்படும் நூல்களிலும் அரசுத் திட்டங்களின் மொழியிலும் நிலைபெற்றுள்ளது. அக்கருத்து யாரைத் தொழில்முனைவோராகக் காட்டுகிறது, யாரை மறைக்கிறது என்பதைப் பழவேற்காட்டின் துணி வணிகம், ஏரி மீன்பிடியில் வழங்கும் பாடு முறை, பெண்களின் மீன் விற்பனை ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. இடரை ஏற்பவருக்கும் பெயரையும் ஊதியத்தையும் பெறுபவருக்கும் இடையே உள்ள இடைவெளியே இங்கு ஆராயப்படும் சிக்கல்.

திறவுச்சொற்கள்: தொழில்முனைவு, புத்தாக்கம், பழவேற்காடு, கட்டத்துணி, பாடு முறை, முதல் விற்பனை

முன்னுரை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் இருப்புப்பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே அமைந்த சிறு நிலையம் அனுப்பம்பட்டு. இதுபோன்ற ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'பட்டு' நெசவுப் பட்டைக் குறிப்பதன்று. 'பற்று' என்னும் நிலப்பிரிவுச் சொல்லின் திரிபாகவே அதனைக் கொள்வர். ஆயினும் நெசவோடு நெருங்கிய உறவுடைய வட்டாரம் இது. அனுப்பம்பட்டு, பொன்னேரி முதலிய உள்நாட்டு ஊர்களுக்குக் கிழக்கே, கடலோரத்தில், பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி அது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பரந்துள்ள அந்த நீர்ப்பரப்பை ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது.

இவ்வட்டாரத்திலிருந்து இரு வகைச் சரக்குகள் இரு திசைகளில் சென்றன. துணி ஊரின் பெயரைத் தாங்கிக் கடல் கடந்து கிழக்கே சென்றது. மீன், கூடையில் ஏறிப் பெண்களின் தலைச்சுமையாக மேற்கே உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றது. முதலாவது வணிக வரலாற்று நூல்களில் விரிவாகப் பேசப்படுகிறது. இரண்டாவது நலத்திட்ட அறிக்கைகளில் 'பயனாளிகள்' என்னும் தலைப்பின்கீழ் எண்ணிக்கையாக இடம்பெறுகிறது. ஒரே கரையில் நிகழ்ந்த இரு வணிகங்களுள் ஒன்று தொழில்முனைவாகவும் மற்றொன்று பிழைப்பாகவும் வகைப்படுத்தப்படுவதற்கு அடிப்படை யாது? சரக்கின் மதிப்பா, புதுமையா, அல்லது எழுதுவோரின் பார்வையா?

கலைச்சொல்லின் பயணம்

தொழில்முனைவோர் என்னும் பொருளில் மேற்குலகில் வழங்கும் பிரெஞ்சுச் சொல்லைப் பொருளியல் கலைச்சொல்லாக ஆண்டவர்களுள் முதன்மையானவர் ரிச்சர்ட் காண்டியோன். அவர் இறந்த பின்னர் 1755இல் வெளிவந்த அவருடைய நூல் தரும் விளக்கம் எளிமையானது: உறுதியான விலைக்கு வாங்கி, உறுதியற்ற விலைக்கு விற்பவரே அத்தகையவர். கடைக்காரர், தண்ணீர் சுமந்து விற்பவர் முதலியோர் அவருடைய பட்டியலில் இடம்பெறுகின்றனர். இரவலரும் திருடரும்கூட அதில் உண்டு. நாளைய வரவு எவ்வளவு என்று அறியாமல் இன்று செலவிடும் எவரும் அவர் கணக்கில் தொழில்முனைவோரே.

இவ்விளக்கத்தை ஏரிக்கரையில் பொருத்திப் பார்க்கலாம். மீன் இறங்கும் இடத்தில் நடைபெறும் ஏலத்தில் ஒரு பெண் ஒரு கூடை மீனை எடுக்கிறார். அந்த விலை உறுதியானது. கையில் பணம் இல்லையென்றால் கடனாகவேனும் தரவேண்டும். அதன்பின் வெயில் ஏறுகிறது, ஐஸ் கரைகிறது, மீனின் மதிப்பு மணிக்கு மணி குறைகிறது. உள்நாட்டு ஊரின் தெருவில் அன்று வாங்குவோர் யார், அமாவாசையா, கிருத்திகையா, அதே தெருவில் வேறொருவர் முன்னரே வந்து போனாரா என்பவற்றுள் எதுவும் ஏலத்தின்போது தெரியாது. காண்டியோனின் விளக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை அவர் காலத்துப் பாரிசிலும் கண்டிருக்க இயலாது.

பிற்காலத்தில் அச்சொல்லின் பரப்பு சுருங்கியது. ஜோசப் ஷும்பீட்டர் 1911இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட பொருளாதார வளர்ச்சிக் கோட்பாட்டு நூல், இருக்கும் வளங்களைப் புதிய முறையில் இணைப்பவரே தொழில்முனைவோர் என்றது. புதிய பொருள், புதிய உற்பத்திமுறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள் வாயில், புதிய அமைப்புமுறை என ஐவகை இணைப்புகளை அவர் சுட்டினார். ஆற்றல்மிக்க கோட்பாடு அது. ஆனால் இடர் முதலீட்டாளரைச் சார்ந்தது, தொழில்முனைவோரைச் சார்ந்ததன்று என்று அவர் வெளிப்படையாகவே பிரித்துவிட்டார். காண்டியோன் எதனை அடையாளமாகக் கொண்டாரோ அதுவே நீக்கப்பட்டது. பீட்டர் டிரக்கர் 1985இல் எழுதிய 'புத்தாக்கமும் தொழில்முனைவும்' என்னும் பொருள்படும் நூல் மேலும் ஒரு படி சென்றது. புறநகரில் இன்னோர் உணவுக்கடை திறக்கும் கணவனும் மனைவியும் இடரை ஏற்கின்றனர். எனினும் அவர்கள் தொழில்முனைவோர் அல்லர், ஏனெனில் அவர்கள் புதிதாக எதையும் படைக்கவில்லை என்கிறார் டிரக்கர். மீன்கூடை சுமக்கும் பெண் இக்கோட்பாட்டிலிருந்து வெளியேற்றப்படும் இடம் இதுதான்.

தமிழில் இத்துறை பெரும்பாலும் டிரக்கரின் வழியிலேயே வளர்ந்தது. தொழில்முனைவோரை ஊக்குவிக்கும் தமிழ்நாட்டு அரசு நிறுவனத்தின் பெயரிலேயே 'புத்தாக்கம்' இடம்பெற்றிருப்பது தற்செயலன்று. தன்முன்னேற்ற எழுத்தில் எம். எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' ஒரு தலைமுறையைத் தட்டியெழுப்பியது. தாழ்வு மனப்பான்மையில் தோய்ந்திருந்த நடுத்தர வகுப்பு இளைஞர்களுக்கு அந்நூல் செய்த நன்மையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அதன் வழிவந்த நூல்கள் மனவுறுதியைத் தொழிலின் போதுமான காரணமாகவே ஆக்கிவிட்டன. இவ்வகை நூல்கள் திருக்குறளை எடுத்தாளும் முறையும் கருதத்தக்கது. ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, வினைத்திட்பம் ஆகிய அதிகாரங்கள் தவறாமல் வருகின்றன. வணிகம் செய்வார்க்கு வாணிகம் எது என வள்ளுவர் நேரடியாகக் கூறும் 120ஆம் குறள் அரிதாகவே வருகிறது. அது இடம்பெற்றிருக்கும் அதிகாரம் நடுவுநிலைமை. பிறர் பொருளையும் தம் பொருளெனப் பேணுவதை அக்குறள் வணிகத்தின் இலக்கணமாக்குகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் இடத்திலும் கொள்வதில் மிகாமை, கொடுப்பதில் குறையாமை என்பதே அளவுகோல். முயற்சி பற்றிய குறளைச் சுவரில் எழுதி வைத்து, கொள்வினை கொடுப்பினை பற்றிய குறளை ஏட்டிலேயே விட்டுவிடுவது ஒரு தேர்வு. அத்தேர்வுக்குப் பின்னால் ஒரு பொருளியல் நிலைப்பாடு இருக்கிறது.

ஊர்ப்பெயர் துணியான கதை

புதுமை என்னும் அளவுகோலை ஏற்றுக்கொண்டே பழவேற்காட்டின் துணி வணிகத்தை அணுகினாலும் சிக்கல் தீர்வதில்லை, கூடவே செய்கிறது.

டச்சுக் கிழக்கிந்தியக் கும்பனி 1610இல் பழவேற்காட்டில் காலூன்றியது. 1613இல் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் நடுவம் இதுவே. கும்பனிக்கு வேண்டியது மசாலாப் பொருள். அதனைத் தென்கிழக்காசியத் தீவுகளில் பெறுவதற்கு வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணி பயன்பட்டது. தீவுக்குத் தீவு விருப்பம் வேறுபட்டதால், எந்தக் கட்டம், எந்த நிறம், எந்த நீளம் என மாதிரி பார்த்து நெசவுக்குச் சொல்லப்பட்டது. ஷும்பீட்டரின் ஐவகையுள் புதிய பொருளும் புதிய சந்தையும் இங்குத் தெளிவாக உண்டு. 'புதிய இணைப்பை' நிகழ்த்தியவர் யார் என்பதில்தான் தெளிவில்லை.

டச்சு ஆவணங்களில் முதலில் தென்படுவோர் பெருவணிகர். 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் 'மலயா' எனப்பட்ட அச்சுதப்ப செட்டியும் அவருடைய தம்பி சின்னண்ணாவும் கும்பனிக்கும் உள்நாட்டு உற்பத்திக்கும் இடையே தரகராக நின்று, சொந்தக் கப்பல் வணிகமும் நடத்திப் பெரும் செல்வாக்குப் பெற்றனர். சஞ்சய் சுப்ரமணியம் தம் 1990ஆம் ஆண்டு நூலில் வணிகமும் ஆட்சியதிகாரமும் ஒருங்கே கைவந்த இத்தகையோரை விரிவாக ஆராய்கிறார். சின்னப்பா அரசரத்தினத்தின் 1986ஆம் ஆண்டு நூல் இக்கரையின் வணிகர் கூட்டுப்பங்கு முறையில் இணைந்து கும்பனிகளோடு ஒப்பந்தம் செய்த வரலாற்றைத் தருகிறது. தமிழில் தொழில்முனைவு வரலாறு எழுதப்புகும் எவரும் இவ்விரு நூல்களிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்கக் கணினி நிறுவனர்களின் வாழ்க்கைக் கதைகளிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது.

இந்நூல்கள் தரும் சான்றுகளிலும் இடரின் பாதை கவனமாகப் படிக்கப்பட வேண்டும். முன்பணம் கும்பனியிடமிருந்து வணிகருக்கும், வணிகரிடமிருந்து ஊர்த்தரகருக்கும், அவரிடமிருந்து நெசவாளருக்கும் இறங்கியது. துணி எதிர்த்திசையில் ஏறியது. கும்பனிக் கிடங்கில் தரம் பிரிக்கும்போது ஒதுக்கப்பட்ட துணி திரும்பி வந்தது. பருத்தி விலை ஏறினாலும், பஞ்சம் வந்தாலும், சாயம் சரியாகப் பிடிக்காவிட்டாலும் அந்த இழப்பில் ஒரு பங்கு கீழ்ப்படியில் தறியில் அமர்ந்திருந்தவரை வந்தடைந்தது. ஆனால் நெசவாளர் முற்றிலும் கைகட்டி நின்றவர் அல்லர். 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர் பற்றிப் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட ஆய்வு, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை அவர்களுக்கு இருந்ததையும், ஆங்கிலக் கும்பனியின் ஆட்சியதிகாரம் வளர்ந்தபோது அவ்வுரிமை பறிபோனதையும் நிறுவுகிறது. விலகும் உரிமை உள்ளவரை அவர் ஓர் ஒப்பந்தத் தரப்பினர். அது போனபின் கூலியாள். தொழில்முனைவு என்பது மனப்பாங்கைச் சார்ந்ததா, உரிமையைச் சார்ந்ததா என்னும் வினாவுக்கு இந்த ஒரு வேறுபாடே போதிய விடை தருகிறது. நெசவாளரின் ஊக்கம் அந்த ஐம்பது ஆண்டுகளில் குறைந்துவிடவில்லை.

பெயரின் வரலாறு இன்னும் சுவையானது. பழவேற்காடு என்னும் ஊர்ப்பெயர் மலாய் மொழியில் 'பெலிகட்' எனத் திரிந்து, கட்டமிட்ட ஆண்கள் கைலியின் பெயராயிற்று. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இன்றும் அதுவே வழக்கு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 'பளையகாட்' என்று கடைக்காரர் சொல்லும் கைலியும் சாரமும் அதே பெயரின் மறுவரவே. அதைக் கேட்டு வாங்குவோருள் பலர் அதை ஊர்ப்பெயர் என்றே அறியார். பாலக்காட்டோடு இணைத்துப் பொருள்கொள்வாரும் உண்டு. ஆங்கிலத்தில் அது வண்ணக் கைக்குட்டையின் பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ நகர நெசவாளர் அதே பெயரில் கைக்குட்டை நெய்து விற்றனர். பொருளை மட்டுமன்றிப் பெயரையும் எடுத்துக்கொண்ட அச்செயலை ஸ்காட்லாந்தின் தொழில் வரலாறு தன் தொழில்வளர்ச்சியின் ஒரு பகுதியாகவே பதிவு செய்கிறது. அச்செயல் வேறு திசையில், சோழமண்டலத்திலிருந்து கிளாஸ்கோவின் பெயரோடு நிகழ்ந்திருந்தால் அதற்குச் 'சாயல்' என்றோ 'போலி' என்றோ பெயர் கிடைத்திருக்கும்.

இக்கட்டத்துணி மரபின் கிளைகளுள் ஒன்று சென்னைக் கைக்குட்டைத் துணி என்னும் பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவை அடைந்தது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதனைத் தங்கள் சடங்குத் துணியாக ஏற்றனர். கலபாரிப் பெண்கள் கட்டத்துணியின் சில இழைகளைச் சிறு கத்தியால் அறுத்து உருவி எடுத்து, எஞ்சிய இழைகளிலிருந்து முற்றிலும் புதிய உருவத்தை வருவிக்கின்றனர். துணியில் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. நெய்தவர் இட்டதிலிருந்து கழிக்கப்படுகிறது. டோன்யே எரெகோசிமா, ஜோன் ஐக்கர் ஆகியோர் 1981இல் இக்கலை பற்றி எழுதிய கட்டுரை ஆடை ஆய்வில் புகழ்பெற்றது. அயற்பொருளைத் தேர்தல், அதற்குத் தம் மொழியில் பெயரிடல், தம் வாழ்வில் உரிய இடம் அளித்தல், உருமாற்றுதல் என்னும் நான்கு நிலைகளை அவர்கள் காண்கின்றனர். பயன்படுத்துவோரே படைப்போராகும் இந்நிகழ்வை டிரக்கரின் சட்டகம் உள்வாங்காது. அறுத்த இழைத் துணியை நிறுவனமாக்கிச் சந்தைப்படுத்தியவர் ஒருவரும் இலர். ஆகவே அச்சட்டகத்தில் அங்குத் தொழில்முனைவோரும் இலர். புதுமை மட்டும் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரானது, மேலாண்மை வகுப்புகளுக்கு ஏற்ற கதையாகிவிட்ட 1958ஆம் ஆண்டு நிகழ்வு. கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து சென்னைக் கட்டத்துணியை வாங்கிய அமெரிக்க இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன் அதனைப் புரூக்ஸ் பிரதர்ஸ் ஆடை நிறுவனத்துக்கு விற்றார். துணியைத் தண்ணீரில் மென்மையாக அலசவேண்டும் என்னும் எச்சரிக்கை வாங்கியோரைச் சென்றடையவில்லை. சாயம் ஓடியது, புகார்கள் குவிந்தன. அதன்பின் விளம்பரக்காரர்கள் குறையையே சிறப்பாக்கி, சாயம் போகும் என்பதற்கு உறுதி அளித்து விற்றனர் என்பது பரவலாக எடுத்துரைக்கப்படும் வரலாறு. எதிர்பாராததை வாய்ப்பாக்குவது புத்தாக்கத்தின் முதல் ஊற்று என்னும் டிரக்கரின் கூற்றுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. கதையின் மாந்தரை எண்ணிப் பார்த்தால் ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கடை, விளம்பரக்காரர் ஆகியோர் இருக்கின்றனர். நெய்தவர் இல்லை, சாயம் தோய்த்தவரும் இல்லை. கரையும் சாயம் கைத்தறித் தொழில்நுட்பத்தின் ஒரு பண்பு, அப்பண்பைக் கையாளும் முறை நெய்தவர் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருந்த செய்தி. அந்த அறிவு விளம்பர வாசகமாக மாறியபோதே பணமாயிற்று.

பாடு

துணி போயிற்று; ஏரி இருக்கிறது. பழவேற்காட்டு மீனவர் உருவாக்கிய அமைப்புகளுள் மிகவும் புதுமையானது எதுவெனக் கேட்டால், பாடு முறை என்றே கூறவேண்டும். ஏரியில் இறால் வரத்துள்ள இடங்கள் வரையறுக்கப்பட்டு, உரிமையுள்ள குடும்பங்களுக்குச் சீட்டுக் குலுக்கல் வழி முறை வைத்துப் பகிரப்படுகின்றன. இன்று வளமான இடத்தில் வலை கட்டியவர் மறுமுறை வளம் குன்றிய இடத்துக்குச் செல்வார். நல்ல இடத்தை வலிமையுள்ளவர் கைப்பற்றுவதும், அதற்காக அடிதடி நிகழ்வதும், எல்லாரும் ஒரே இடத்தில் குவிந்து மீன்வளத்தை அழிப்பதும் இதனால் தவிர்க்கப்படுகின்றன. ஷும்பீட்டர் கூறிய ஐந்தாம் வகையாகிய புதிய அமைப்புமுறைக்கு இது தகுதியான சான்று. எழுதியவர் பெயர் தெரியாத சான்று என்பதே வேறுபாடு.

சொல்லும் கருதத்தக்கது. கடற்கரை வழக்கில் 'பாடு' என்பது கிடைத்த மீனையும் குறிக்கும். பொதுவழக்கில் துன்பத்தையும் உழைப்பையும் குறிக்கும். ஒருவருடைய முறை, அம்முறையில் அவருக்குக் கிடைப்பது, அதற்காக அவர் படுவது ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்குகிறது. 'தொழில்முனைவு' என்னும் புதுச்சொல்லில் முனைப்பு மட்டுமே கேட்கிறது.

பாடு முறையைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்வதும் நேர்மையாகாது. அது பட்டினவர் சமூகத்தின் குறிப்பிட்ட ஊர்களுக்கு உரிய ஏற்பாடு. அவ்வூர்களிலும் ஆண்களுக்கு உரியது. ஏரியில் வலையின்றிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளரும், பிற சமூகத்தாரும் அதன் வெளியே நிற்கின்றனர். ஏற்றுமதியால் இறால் விலை உயர்ந்தபோது இந்த உள்வெளி எல்லை பூசலின் எல்லையாகவும் ஆயிற்று. சாரா கூல்தார்ட் 2008இல் வெளியிட்ட பழவேற்காடு பற்றிய கட்டுரை, ஏரியின் சூழல் மாறும்போது மீனவர் அதற்கு ஈடுகொடுக்கும் விதத்தைப் பாடு உரிமை உண்டா, இல்லையா என்பது எவ்வாறு பாதிக்கிறது என ஆராய்கிறது. உரிமை உள்ளவரை அவ்வமைப்பு தாங்கிப் பிடிக்கிறது. அதே பிடிப்பு வேறு தொழிலுக்கு நகர்வதைக் கடினமாக்கவும் செய்கிறது. பாடு முறையின் நீதி அதன் எல்லைக்குள் உண்மையானது, எல்லைக்கு வெளியே இல்லாதது. சமூக அமைப்புகளை 'மரபு அறிவு' என்று பொதுப்படப் போற்றும் ஆய்வுக் கட்டுரைகள் இவ்விடத்தில் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்கின்றன.

ஆனால் ஏரியே சுருங்கும்போது எந்த முறையும் பயன் தராது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் வரத்துக் குறைவது, எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் எழுந்த துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும், துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து மீனவ ஊர்கள் நடத்திவரும் போராட்டங்கள் ஆகியவை யாவரும் அறிந்தவை. இந்நிலையில் மீனவப் பெண்ணுக்கு மெழுகுவர்த்தி செய்யவும் ஊறுகாய் போடவும் பயிற்சி அளித்து 'தொழில்முனைவோர்' என்று சான்றிதழ் வழங்கும் முறை, அவர் ஏற்கெனவே நடத்திவரும் வணிகத்தைத் தொழிலாகக் கருதாததன் விளைவே. மீனின் தரம் அறிதல், ஏலத்தில் விலை கணித்தல், விற்காததைக் கருவாடாக்கி இழப்பைக் குறைத்தல், தெருவுக்குத் தெரு கடன் கணக்கு மனத்தில் வைத்தல் ஆகிய திறன்கள் அவரிடம் இருக்கின்றன. குறைந்த வட்டிக்குக் கடனும், ஐஸும், மீன்கூடையோடு ஏறினால் இறக்கிவிடாத பேருந்தும், நிழலுள்ள சந்தை இடமுமே அவரிடம் இல்லாதவை. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களின் பனையோலைப் பின்னலுக்கும் இது பொருந்தும். கைத்திறன் குறையற்றது, ஓலையின் விலையையும் கூடையின் விலையையும் முடிவு செய்வோர் வேறிடத்தில் இருக்கின்றனர்.

முதல் விற்பனை

இடரை ஏற்பவரே பலனில் உரிய பங்கைப் பெறும் வண்ணம் தொழிலை அமைக்க இயலுமா என்பது கற்பனை வினா அன்று. தென்கோடியில் அதற்கு விடை உண்டு. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980இல் உருவானபோது, அதன் அடிப்படை அலகுகளாகிய கன்னியாகுமரி, திருவனந்தபுரம் பகுதிகளின் கிராமச் சங்கங்கள் எளிய ஒன்றைக் கைக்கொண்டன: கரையில் நடக்கும் முதல் ஏலத்தை மீனவரின் சங்கமே நடத்துவது. கடன் கொடுத்த வியாபாரியே ஏலம் விடுபவராகவும் இருந்தவரை, பிடித்த மீனுக்கு விலை சொல்லும் உரிமை பிடித்தவரிடம் இல்லை. ஏலம் சங்கத்துக்கு வந்தபின், அதே விற்பனையிலிருந்து கடன் தவணையும் சேமிப்பும் பிடிக்கப்பட்டன. இதில் புதிய பொருள் இல்லை, புதிய சந்தையும் இல்லை. அதே மீன், அதே கரை. விலை சொல்லும் வாய் மட்டும் மாறியது. படகு கட்டுதல், இயந்திரம் பழுதுபார்த்தல் எனப் பிற புத்தாக்கங்கள் அதன்மேல் எழுந்தன. வரிசை இங்கு முதன்மையானது. உரிமை முதலில் வந்தது. புதுமை பின்னர் வந்தது. கன்னியாகுமரியின் மீனவர் பழவேற்காட்டு மீனவரைவிடப் பிறப்பிலேயே முனைப்பு மிக்கவர் என்று கொள்ள ஆதாரம் எதுவும் இல்லை. ஆயினும் இதிலும் ஒரு குறை உண்டு. கரையின் முதல் ஏலத்தைக் கைக்கொண்டவர் மீன்பிடிக்கும் ஆண்கள். அந்த ஏலத்தில் வாங்கும் பெண்களின் விலை அதனால் தானாகக் குறைந்துவிடாது.

இருளரின் நிலை இன்னொரு வகையில் பாடமாகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடையும் அவர்களுடைய வாழ்வாதாரத்தைப் பறித்தன. 1978இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ரோமுலஸ் விட்டேக்கரின் பங்கு அதில் பெரியது. பிடித்த பாம்பைக் கொல்லாமல் நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அதன் முறை. அந்நஞ்சு முறிமருந்து உற்பத்திக்குச் செல்கிறது. பாம்பின் தடம் காணும் அதே அறிவு, தோலுக்குப் பதிலாக நஞ்சைத் தரும் தொழிலாக மாற்றியமைக்கப்பட்டது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நாட்டின் முறிமருந்துத் தேவையோடு நேரடியாகப் பிணைந்த இந்தத் தொழில் எத்தனை பாம்புகளைப் பிடிக்கலாம் என்பதை ஆண்டுதோறும் அரசின் அனுமதியே முடிவு செய்கிறது. அனுமதி தாழ்ந்தால் வருவாய் நிற்கிறது. இங்கும் அறிவு குடிகளுடையது. கதவின் திறவுகோல் அலுவலகத்தில்.

இனிப் பழவேற்காட்டின் பெயருக்கு வரலாம். 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், ஒரு பொருளின் தரமோ புகழோ அது தோன்றும் இடத்தோடு பிணைந்திருப்பதை நிறுவக் கோருகிறது. துணியைப் பொறுத்தவரை அந்தப் பிணைப்பு அறுந்துவிட்டது. பெயர் மூன்று நாடுகளின் கடைத்தெருக்களில் பொதுச்சொல்லாகித் திரிய, லுங்கி நெசவு குடியாத்தம் முதலிய வேறு ஊர்களின் அடையாளமாகிவிட்டது. ஆனால் ஏரியின் இறாலுக்கும் நண்டுக்கும் அதே பெயர் இப்போது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழவேற்காட்டு நண்டு என்றாலே சென்னை உணவகங்களில் விலை வேறு. கொடுக்குகள் கட்டப்பட்டு உயிருடன் வானூர்தி ஏறும் சேற்று நண்டு, நானூறு ஆண்டுகளுக்கு முன் கட்டத்துணி சென்ற அதே தென்கிழக்காசியச் சந்தைகளுக்குச் செல்கிறது. அதற்கான விலை ஏரிக்கரையில் சொல்லப்படுவதில்லை. எடையும் தரமும் பிரிக்கப்பட்டு, கால் உடைந்தது, சதை குறைந்தது என ஒதுக்கப்பட்டவை மட்டும் கூடையில் திரும்பி, மேற்கே, பொன்னேரி அனுப்பம்பட்டுத் தெருக்களுக்குப் போகின்றன.